கல் வைத்துக் கட்டியது

மலையில் பாத்தி கட்டப் போகிறவர் முதலில் வெட்ட வேண்டியது கான் என்கிற வடிகால். ஹாலிஎலவில் எங்கள் வீட்டின் பின்புறம் காய்கறி போடலாம் என்று பேச்சு எழுந்த அன்றே அப்பா மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காணியின் மேல் எல்லைக்குப் போய்விட்டார். தம்பி கீழே கயிறு பிடித்து நீள அகலம் பார்த்துக்கொண்டிருந்தான். "அத அப்புறம் பாக்கலாம். மேலேருந்து வர்ற தண்ணிக்கு மொதல்ல ஒரு வழியச் சொல்லு" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

அப்பா ஓய்வு பெறும்வரை தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டிலும் கல்லுக் கட்டிலும் இருந்தவர். தேயிலை மலையில் கானை நேராகக் கீழே இறக்க மாட்டார்கள். மலையைச் சுற்றிக் குறுக்காக, கிட்டத்தட்ட மட்டமாகவே கொண்டுபோவார்கள். 120 அடி போனால் ஓர் அடி இறங்கும், அவ்வளவுதான் சரிவு. கானுக்குள்ளேயும் இடையிடையே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுவைப்பார்கள். வேகமாக வரும் தண்ணீர் அந்தத் தடுப்பில் முட்டி நின்று, சுமந்து வந்த மண்ணைக் குழியில் போட்டுவிட்டு, தெளிந்து அப்பால் வழியும். மழை விட்டதும் குழியில் தங்கிய மண்ணை வாரித் தேயிலையின் தூரிலேயே போட வேண்டும். கோப்பிக் காலத்திலிருந்து புல்பூண்டு இல்லாமல் சுரண்டிச் சுரண்டி இந்த மலைகளின் மேல்மண் எவ்வளவோ ஆற்றோடு போய்விட்டது. மிஞ்சியதை நிறுத்தி வைத்திருப்பது இந்தக் கான்களும் கல்லுக் கட்டுகளும்தான். அவற்றை வெட்டியவர், கட்டியவர் பெயர் எந்தப் பதிவிலும் கிடையாது. கொந்தரப்புக் கணக்கில் வெறும் அடியும் சங்கிலியுமாகத்தான் அவை இருக்கும்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் வீதியும் வெலிமடையிலிருந்து வரும் வீதியும் சேர்கிற இடம் ஹாலிஎல. சேர்ந்து பதுளைக்கு இறங்குகின்றன. ரயிலும் தெமோதரையைச் சுற்றிக்கொண்டு ஹாலிஎல வந்துதான் பதுளையில் முடிகிறது. 1924இல் பாதை அங்கே போய் நின்றது, அதற்கப்பால் நீளவில்லை. ஊவாவின் மழை தலைகீழ் மழை. ஆடி ஆவணியில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும்போது எங்களுக்கு மலையைத் தாண்டி வருவது வறண்ட கச்சான் காற்று மட்டும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலை என்று உலகச் சந்தையில் தனி விலை. எங்களுக்கு உரிய மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் அடிக்கும். ஒரே பாத்தி, மூன்று மாதம் காய்ந்து வெடிக்கும். நான்கு மாதம் ஊறிச் சரியப் பார்க்கும். இரண்டுக்கும் தாங்குகிற மாதிரி அதைக் கட்டியாக வேண்டும்.

நாங்கள் கட்டியது 2022இல். அந்த வருடத்தை இலங்கையில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். எண்ணெய் இல்லை, காஸ் இல்லை, மருந்து இல்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் வாகனங்களுக்கு எரிபொருள் கிடைக்காமல் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. கொழும்பில் கடையொன்றில் நின்ற தம்பி, கடை பூட்டப்பட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். ரொட்டி சுடுகிற கோதுமை மா விலை வாரத்துக்கு வாரம் ஏறிற்று. தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் மாவை அளந்து பிசைந்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில், பெரியவர்களுக்கு மிஞ்சினால். ஆனி மாதம் அரசாங்கம், உணவுப் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. கொழுந்தெடுக்கிறவர்களுக்கு அந்த விடுமுறை இல்லை. நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டங்களில்தான் பட்டினி கூடுதல் என்று உலக உணவுத் திட்டம் அப்போது கணக்கெடுத்துச் சொன்னது. எங்களுக்கு அது கணக்காக வரவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பு எத்தனை மணிக்குப் புகைகிறது என்பதிலேயே தெரிந்தது.

எங்களிடம் காணி இருந்தது. ஏழு பேர்ச்சஸ். லயத்திலிருந்து தனி வீட்டுக்கு மாறியவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்ட அளவு அது. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி என்றால் மொத்தம் 1,900 சதுர அடி சொச்சம். அதில் வீடு 550 சதுர அடி. முற்றம், நடைபாதை, கழிவறைக் குழி எல்லாம் போக, வீட்டின் பின்னால் மலையை வெட்டிய சரிவு ஒன்று மிச்சம். வெறும் சிவப்பு மண். வீட்டுக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இயந்திரம் மேல்மண்ணைக் கீழே தள்ளி, வயிற்றுமண்ணை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தது. அதில் மானாப்புல்கூடச் சுணங்கித்தான் முளைத்தது.

சாக்குகளில் மண் நிரப்பிச் செடி வைக்கலாம் என்றேன் நான். எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது. உரச் சாக்கு, வாளி, உடைந்த கூடை. அப்பா கேட்டுக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் அலவாங்கோடு போய்ச் சரிவில் புதைந்திருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி உருட்டி வைக்கத் தொடங்கினார்.

அவர் ஏன் கல்லைத் தொட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. லயத்தில் நாங்கள் இருந்த காலத்திலும் பாத்திகள் உண்டு. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. அதன் பின்னால், கானோரத்தில், பீலிக்குப் போகும் வழியில் எங்கெல்லாம் கையகல மண் கிடைத்ததோ அங்கெல்லாம் அம்மாவும் அப்பாயியும் ஏதாவது ஊன்றியிருப்பார்கள். வாழைத் தண்டைக் கிடத்தி, மூங்கில் பிளாச்சு அடித்து, தேயிலைக் கவ்வாத்து மிளாறை அடுக்கி மண்ணை நிறுத்துவார்கள். எல்லாம் ஒரு வருடத்தில் உக்கிப் போகும். கல் வைத்துக் கட்டிய பாத்தியை லயத்துப் பக்கம் நான் கண்டதே இல்லை. மலை முழுக்கக் கல்லுக் கட்டு எழுப்பிய மனிதர்கள் தங்கள் கீரைப் பாத்திக்கு ஒரு வரிசைக் கல் வைக்கவில்லை. நிலம் தோட்டத்துடையது. வைத்த செடியைப் பிடுங்கச் சொன்னால் பிடுங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. 1948இல் எங்கள் மலையக மக்களின் குடியுரிமை போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. யார் அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்று கடுதாசி வரும்வரை தெரியாது. எங்கள் பெரியப்பா குடும்பத்துக்குக் கடுதாசி வந்தது. தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவர்களுடைய பூசணிக்கொடி காய்த்துக் குலுங்கிற்று என்று அப்பாயி சொல்லிச் சொல்லி அழுவார். முதல் காயை அறுக்கவே மனம் வரவில்லையாம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர்கள் உக்கிப் போகிற வேலியைத்தான் கட்டுவார்கள்.

பஞ்சத்தைப் பற்றி அப்பா அதிகம் பேசியவரில்லை. 73, 74இல் அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கி, தோட்டங்களில் சாவு கூடிய காலத்தில் அவருக்குப் பதினைந்து பதினாறு வயது. 2022இல் அந்தப் பேச்சை அவராகவே எடுத்தார். கல்லைப் புரட்டிக்கொண்டே, "அப்ப எங்கம்மா கானோரத்துல வத்தாளங்கொடி போட்டிருந்துச்சு. அதுதான் எங்கள இழுத்துக்கிட்டு வந்துச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போதும் எங்கள் கையில் காணி உறுதி இல்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது, அளந்த கல் இருக்கிறது, பத்திரம் வரவில்லை. உறுதி வந்த பிறகு கல்லுக் கட்டுக்குப் போகலாமே என்று தம்பி ஒருநாள் கேட்டான். "உறுதி வர்ற வரைக்கும் மழ நிக்குமாடா?" என்றார் அப்பா.

மட்டம் பார்க்க அவர் செய்த கருவி மூன்று தடி, ஒரு நூல், ஒரு கல். இரண்டு தடிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குத் தடி வைத்து, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுவது. இரு கால்களும் ஒரே மட்டத்தில் நின்றால் நூல் குறுக்குத் தடியின் நடு வெட்டைத் தொடும். அப்படியே காலை மாற்றி மாற்றி நடந்து குச்சி நட்டுக்கொண்டு போனால் சரிவில் மட்டக்கோடு கிடைக்கும். பிலிப்பைன்ஸின் மின்டனாவோவில் 1970களில் சாய்நில விவசாயிகளுக்கு இதே கருவியைக் கொடுத்து, மட்டக்கோட்டில் செடிகளை நெருக்கி நட்டு மண்ணைக் காக்கக் கற்பித்தார்கள் என்று நான் பின்னால் வாசித்தேன். அப்பா அதைக் கற்றது தோட்டத்தில் கானுக்குக் கோடு பிடித்தவர்களைப் பார்த்து.

கட்டு எழுப்பியபோதுதான் அவரை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பெரிய கல் அடியில், பாதி மண்ணுக்குள். அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். ஓர் அடி ஏறினால் இரண்டு அங்குலம் மலைப் பக்கம் சாய வேண்டும். ஒரு கல்லின் மேல் இரண்டு கல், இரண்டின் மேல் ஒன்று. இடுக்கு மேல் இடுக்கு வரக் கூடாது. ஆறேழு கல்லுக்கு ஒன்று நீளமானதாகப் பொறுக்கி, உள்ளே மண்ணுக்குள் போகும்படி குறுக்கே வைக்க வேண்டும். பின்னால் சல்லிக் கல். சீமெந்து வேண்டாம். தம்பி, ரெண்டு மூட்டை வாங்கிப் பூசிவிடலாம் என்றபோது, காசு இல்லாத காலம் என்பதற்காக அவர் மறுக்கவில்லை. தண்ணீர் வெளியே வர வழி இல்லாத கட்டைத் தண்ணீரே தள்ளிவிடும் என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்த மாகாணத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஊறிய மலை என்ன செய்யும் என்று தெரிந்த மனிதர் பேசிய பேச்சு அது.

ஒவ்வொரு கல்லையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "மொகம் எங்க இருக்குனு பாரு புள்ள. மொகம் வெளிய." நான் தூக்கிக் கொடுத்த கல் பல தடவை ஒதுக்கப்பட்டது. ஒதுக்கிய கல்லைத் தூர எறியாமல் பக்கத்திலேயே வைப்பார். நாலு வரிசை ஏறியதும் அதற்கென்றே ஓர் இடம் வரும்.

உயரத்தை முடிவு செய்தது அம்மா. அப்பா ஓர் அடி போதும் என்றிருந்தார். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மலையேறி இறங்கியவர்; கழுத்தும் முழங்காலும் போய்விட்டன. "நான் குனிய மாட்டேன். இடுப்பு ஒசரத்துக்கு வையுங்க, இல்லாட்டி நீங்களே பறிச்சிக்கங்க" என்றார். சரிவு அதற்கு இடம் கொடுத்தது. கீழ்ப் பாதையில் நின்றால் மேல் பாத்தியின் மண் இடுப்புக்கு வரும்படி இரண்டரை அடிக் கட்டு. ஒரு பக்கமிருந்து மட்டும்தான் கை எட்டும் என்பதால் அகலம் மூன்று அடிக்குள். அம்மா நின்று கையை நீட்டிக் காட்டினார். அந்த விரல் நுனியில் அப்பா குச்சி அடித்தார். எங்கள் பாத்தியின் அளவு அம்மாவின் கை நீளம். படிபோல மூன்று அடுக்கு வந்தது. கீழடுக்கின் மேற்கல்லை மட்டும் தட்டையாகத் தேடி வைத்தார். அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆயலாம்.

மண் செய்ததுதான் கல்லைவிடக் கஷ்டம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் எல்லாம் குழம்பிவிட்டிருந்தது. யூரியா விலை எட்டாத உயரத்தில். எங்கள் பக்கம் விலையே இல்லாமல் கிடந்த மாட்டுச் சாணத்துக்கும் முதன்முறையாக விலை வந்தது. மாட்டுக்காரத் தாத்தாவுக்குப் புல் அறுத்துக் கொடுத்துச் சாணம் வாங்கினோம். ரயில் பாதையோரம் மஞ்சளாகப் பூத்து மண்டிக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். அதன் இலை வேகமாக உக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் நிறைய. கிளிரிசீடியாக் கிளை, வாழைத் தண்டு, அடுப்புச் சாம்பல், ஸ்டோரிலிருந்து கழித்த தேயிலைத் தூசி, சவுக்கு மரங்களின் கீழ் உதிர்ந்து கிடந்த சருகு. அடியில் தடித்த கிளைகள், மேலே பச்சை இலை, அதற்கு மேல் சாணம், பிறகு ஒரு கை மண், மறுபடி இலை. யாழ்ப்பாணத்தில் பனையோலையைத் தோட்டத்து மண்ணுக்குள் தாழ்ப்பார்களே, அதே எண்ணம்தான். எங்களுக்குப் பனைக்குப் பதில் காட்டுச் சூரியகாந்தி.

தேயிலைத் தோட்டத்து மேல்மண்ணை அள்ளி வந்தால் வேலை சுருக்கமாக முடிந்திருக்கும். அப்பா ஒரு கூடை எடுக்க விடவில்லை. அந்த மண்ணை நிறுத்தத்தான் அவர் ஆயுள் போயிருந்தது. தவிர, தேயிலை மண் காய்கறிக்கு ஆகாது. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், காரகாடித்தன்மை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது செழிக்கும். போஞ்சியும் கோவாவும் 6க்கு மேல் கேட்கும். புளித்த மண்ணில் வேர் கறுத்து நிற்கும், எவ்வளவு சாணம் போட்டாலும் எடுக்காது. அதற்கு டொலமைட். கவ்வாத்துக்குப் பிறகு தேயிலை மலைகளுக்கு அதைத் தூவுவார்கள் என்பதால் அப்பாவுக்கு அளவு கைப்பழக்கம். வெள்ளைத் தூளைத் தூவி, முள்ளால் கிளறி, நனைத்து, சில வாரம் சும்மா போட்டுவைத்தோம்.

அந்தச் சில வாரத்தில் பாத்தி மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. இலை தழை உக்கினால் இறங்கத்தான் செய்யும். தம்பிக்கு அது பெரிய ஏமாற்றம். மறுபடி ரயில் பாதைக்குக் கத்தியோடு போனான். கொழும்பில் கடைக்குள் நின்று வெளுத்துப்போன பிள்ளை அந்த மாதங்களில் கறுத்து, தோள் அகன்று, ராத்திரியில் விழுந்தவுடன் தூங்கினான். அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாமல் வருத்தப்படவும் முடியாமல் நின்றார். தோட்ட வேலையிலிருந்து தப்பட்டும் என்றுதானே அவனை அனுப்பினோம்.

விதை பல வீட்டிலிருந்து வந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்கள அக்கா ஒருவர் சொந்தமாக எடுத்த போஞ்சி விதையைத் துணி முடிச்சில் கொடுத்தார். நாங்கள் வத்தாளங்கொடி கொடுத்தோம். கறிமிளகாய், கத்தரி, தக்காளி, முளைக்கீரை, வேலி ஓரம் பூசணி. மேல் கானை ஒட்டி, மண்ணைப் பிடிக்க, வல்லாரையும் சேரைப்புல்லும். கச்சான் காற்றில் உயரப் பாத்தி சீக்கிரம் காய்கிறது என்பது உண்மை. கல் வேறு சூடேறும். அதற்கு மானாப்புல்லைப் பூவுக்கு முன்னால் அறுத்துக் காயவைத்து மண் தெரியாமல் மூடினோம். பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து, செடியின் தூரில் மட்டும் ஊற்றினோம்.

போஞ்சி பிடித்தது. முதல் பறியலில் ஒரு பங்கு லயத்துக்குப் போனது. பஞ்சம் அதனால் தீர்ந்தது என்று நான் எழுத மாட்டேன். அரிசியும் மாவும் காசுக்குத்தான் வந்தன, காசு இல்லை. ஆனால் கறி இல்லாத நாள் குறைந்தது. பிள்ளைகளின் தட்டில் பச்சை இருந்தது. தோட்டங்களில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பார்க்கிற எந்த ஆசிரியருக்கும் அந்தப் பச்சையின் பெறுமதி தெரியும். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து பத்து மணிக்கே தலை சாய்கிற பிள்ளையை நான் தினமும் பார்க்கிறேன்.

அக்கம்பக்கத்தில் கட்டுகள் எழும்பின. அப்பாவைக் கூப்பிட்டுப் போய்க் கோடு பிடித்தார்கள். அவருக்குத் தேநீரும் வெற்றிலையும் கிடைத்தன. அந்த மரியாதை அவருக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கான் வெட்டு என்றால் படிக்காதவன் வேலை என்றுதான் இங்கே எல்லோரும் சொல்லி வளர்ந்தோம். சரிவை அளந்து, தண்ணீரைக் கணக்குப் போட்டு, மண்ணை நிறுத்துகிற வேலைக்குப் படிப்பு என்று பெயர் வைக்காமல் வேறென்ன பெயர் வைப்பது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்து உயிர்கள் போயின; ரயில் பாதை அறுந்தது. அந்த இரவு நாங்கள் வீட்டில் இருக்கவில்லை, எல்லோரையும்போல ஏற்றத்தை விட்டு விலகிப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது மேல் கானின் குழிகள் வாய்வரை மண்ணால் நிறைந்திருந்தன. தண்ணீர் எல்லைக்கு வெளியே, அப்பா சொன்ன வழியிலேயே போயிருந்தது. மேலடுக்கும் கீழடுக்கும் நின்றன. நடு அடுக்கில் ஐந்தாறு அடி தூரத்துக்குக் கட்டு வயிறு தள்ளி நின்றது. குறுக்குக் கல் அங்கே போதவில்லை என்று தடவிப் பார்த்துச் சொன்னார் அப்பா. விழவில்லை, ஆனால் அடுத்த மழைக்கு விழும்.

பிரித்தோம். கல்லைப் பெரிசு, நடுத்தரம், சல்லி என்று பாதையில் பரப்பினோம். அம்மா கறிமிளகாய்ச் செடிகளை மண்ணோடு பெயர்த்துச் சாக்குகளில் வைத்தார். கான் மண்ணை வாரி ஒரு பக்கம் குவித்தோம். அது மறுபடி பாத்திக்கு. அடித்தளத்தை முன்பைவிட அரை அடி அகலமாகத் தோண்டச் சொன்னார் அப்பா. அவரால் இப்போது பெரிய கல் தூக்க முடியாது. கீழ்க் கட்டின் தட்டைக் கல்லில் உட்கார்ந்துகொண்டு எது எங்கே என்று கையைக் காட்டினார். தம்பி தூக்கி வைத்தான், நான் பின்னால் சல்லி போட்டேன். இடுக்கு மேல் இடுக்கு வந்த ஓர் இடத்தில் நான் நிறுத்தச் சொல்லுமுன் தம்பியே கல்லைத் திரும்ப எடுத்து, திருப்பிப் பார்த்து, முகத்தை வெளியே வைத்தான். தைப்பொங்கலுக்கு முன் அந்த அடுக்கில் போஞ்சி ஊன்றிவிட வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.